கடல் கேள்வி பதில்: எந்தச் சுறாகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி சுறா பத்தித்தான். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவுன்னு டைவிங் போறவங்க நம்ம ஆளுங்கள்ல இப்ப நிறைய ஆயிட்டாங்க, கெளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி சுறா வீடியோ பாத்துட்டுத் தூக்கத்தை விட்டவங்களும் நிறைய பேர் எழுதியிருக்காங்க. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க சுறாதான்.

கேள்வி: அந்தமான் ஹேவ்லாக் தீவுல ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (டேங்க் மாட்டி டைவ் பண்ணக் கத்துக்குற முதல் கோர்ஸ்) பண்ணப் போறேன். அங்க இருக்குற கைடு "வைட்டிப் ஷார்க் பாக்கலாம் வாங்க"னு சந்தோஷமா சொல்றார். நெட்ல தேடுனா வைட்டிப்தான் உலகத்துலயே ஆபத்தான சுறாக்கள்ல ஒண்ணுன்னு வருது. அம்மா டிக்கெட்டையே கேன்சல் பண்ணச் சொல்றாங்க. உண்மையில எந்தச் சுறாவுக்குப் பயப்படணும்? (கோயம்புத்தூர் வாசகர்)

டிக்கெட் அப்படியே இருக்கட்டும், இந்தப் பதிலை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. கைடு சொன்னதும் நெட்ல வந்ததும் ரெண்டு வேற வேற சுறா. நீங்க அங்க பாக்கப் போறது வைட்டிப் ரீஃப் ஷார்க், ரீஃப்னா பவளத்திட்டு. ஒல்லியா ஒன்றரை மீட்டர் இருக்கும், முதுகுத் துடுப்பு நுனியிலயும் வால் நுனியிலயும் மட்டும் வெள்ளை, பகல்ல பெரும்பாலும் பாறைக்கு அடியில மணல்ல படுத்துக் கெடக்கும், ராத்திரிதான் வேட்டை. நீங்க ரொம்பக் கிட்டப் போனா எழுந்து போயிடும், அவ்வளவுதான். நெட்ல வந்தது ஓஷனிக் வைட்டிப், அது கரையை விட்டு ரொம்பத் தள்ளி ஆழ்கடல்ல மேல் தண்ணியில திரியிற சுறா. ஹேவ்லாக்ல கோர்ஸ் நடக்குற ஆழம் கம்மியான ரீஃப்ல அதைப் பாக்குற வாய்ப்பு இல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்க.

உலகத்துல 500க்கு மேல சுறா வகை இருக்கு. அதுல மனுஷனைக் கடிச்சதா பதிவாகுறதுல பெரும்பங்கு மூணே மூணு வகைதான். ஃப்ளோரிடா மியூசியத்துல சர்வதேச சுறாத்தாக்குதல் பதிவேடுன்னு ஒண்ணு பராமரிக்கிறாங்க, அதுல சீண்டாமலே கடிச்ச கேஸ்ல வெள்ளைச்சுறா பேர்ல 350 கிட்ட, புலிச்சுறா பேர்ல 140 கிட்ட, காளைச்சுறா அதாவது புல் ஷார்க் பேர்ல 120 கிட்ட இருக்கு, இது பல நூற்றாண்டுக் கணக்கு. 2024ல உலகம் முழுக்க அப்படி நடந்தது 47, இறந்தவங்க 4 பேர். அதுலயும் பெரும்பாலும் சர்ஃபிங் பண்றவங்களும் நீச்சலடிக்கிறவங்களும்தான், டேங்க் மாட்டிட்டுக் கீழ போறவங்க ரொம்பக் கம்மி. காரணம் சிம்பிள், டைவர் தண்ணிக்குள்ள மெதுவா நகர்றார், குமிழி விடுறார், சத்தம் போடுறார், சுறாவும் அவரைப் பாக்குது அவரும் சுறாவைப் பாக்குறார். மேல காலை உதைச்சுக்கிட்டுக் கெடக்குறவருக்குக் கீழ என்ன வருதுன்னே தெரியாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வைங்க, கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

வெள்ளைச்சுறா குளிர்ந்த கடல்லதான் அதிகம், தென்னாப்பிரிக்கா, தெற்கு ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா பக்கம். நம்ம வெப்பக் கடல்ல அது தென்படுறதே ரொம்ப அபூர்வம், அதுக்காக நீங்க கவலைப்பட வேண்டியதில்ல. காளைச்சுறா வேற மாதிரி, அது கலங்கல் தண்ணி, ஆத்து முகத்துவாரம், துறைமுகம்னு மனுஷன் இருக்குற இடத்துலயே திரியும், நல்ல தண்ணியிலயும் வாழும். நிகராகுவா ஏரியில இருக்கு, அமேசான்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ள வரைக்கும் போயிருக்கு. கையளவு தூரம் கூடத் தெரியாத தண்ணியில, அதுவும் மீன் கழிவு கொட்டுற இடத்துல, டைவ் பண்ணாதீங்கன்னு நான் எப்பவும் சொல்றது இதுக்காகத்தான். புலிச்சுறா பத்தி கீழ தனியாவே ஒரு கேள்வி இருக்கு.

அம்மாகிட்ட இன்னொண்ணும் சொல்லிடுங்க, அந்தமான்ல நிஜமா பயப்பட வேண்டியது உப்புத்தண்ணி முதலைக்கு. 2010ல ஹேவ்லாக்ல ராதாநகர் பீச் பக்கம் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கிட்டு மேலயே மிதந்து பாக்குறது) பண்ண வந்த ஒரு வெளிநாட்டுப் பொண்ணை முதலை அடிச்சுக் கொன்னுடுச்சு. சதுப்புநிலக் காட்டை ஒட்டுன கரையில எச்சரிக்கை போர்டு வச்சிருந்தா அங்க தண்ணியில இறங்கவே கூடாது, யார் கூப்பிட்டாலும்.

கேள்வி: துபாய்ல வேலை பாக்குறேன். ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து எகிப்து செங்கடல்ல ஒரு வாரம் போட்லயே தங்கி டைவ் பண்ணப் போறோம், பிரதர்ஸ், டீடலஸ், எல்ஃபின்ஸ்டன்னு அங்க இருக்குற ரீஃப் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. அங்க "லாங்கிமானஸ்" வரும்னு சொல்றாங்க. என்ன கவனிக்கணும்? (துபாய் வாசகர்)

மேல சொன்ன ஓஷனிக் வைட்டிப்பைத்தான் செங்கடல் டைவர்ஸ் லாங்கிமானஸ்னு கூப்பிடுறாங்க. டைவர்ஸ் உண்மையிலயே ஜாக்கிரதையா இருக்க வேண்டிய சுறா எதுன்னு என்னைக் கேட்டா நான் முதல்ல சொல்றது இதைத்தான், வெள்ளைச்சுறாவைக் கூட இல்ல. பதிவேட்டுல இது பேர்ல எண்ணிக்கை கம்மியா இருக்குறதுக்குக் காரணம் இது இருக்குற இடத்துல மனுஷன் கம்மிங்கிறதுதான். 1945 ஜூலை 30ஆம் தேதி யுஎஸ்எஸ் இண்டியானாபோலிஸ்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் பிலிப்பைன் கடல்ல டார்பிடோ பட்டு மூழ்குச்சு, 900 பேர் கிட்ட தண்ணியில மிதந்தாங்க, நாலு நாள் கழிச்சு ஆள் வந்து தேடி உயிரோட மீட்டது 316 பேரைத்தான். வெயில், தாகம், உப்புத்தண்ணி குடிச்சது, காயம் இதுலதான் நிறைய பேர் போனாங்க, ஆனா சுறா அடிச்சவங்களும் இருந்தாங்க, அதுல முக்கியமா இந்த ஓஷனிக் வைட்டிப்தான்னு நம்புறாங்க.

அது ஏன் அப்படி? நடுக்கடல்ல சாப்பாடு எப்பக் கெடைக்கும்னு சொல்ல முடியாது. அதனால எதைப் பாத்தாலும் இது சாப்பிடுற பொருளான்னு கிட்ட வந்து பாத்துடுறதுதான் இந்தச் சுறாவோட பழக்கம். ரீஃப் ஷார்க் நம்மளப் பாத்தா ஒதுங்கும், இது ஒதுங்காது. நேரா வரும், பக்கத்துல திரும்பும், போயிடுச்சுன்னு நீங்க நெனைக்கிறப்ப பின்னாடி இருந்து வரும், ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும். அடையாளம் ஈஸி: மூணு மீட்டர் வரைக்கும் இருக்கும், உருண்டை நுனியோட பெரிய முதுகுத் துடுப்பு, நீளமான பக்கத் துடுப்பு, நுனிகள்ல திட்டுத் திட்டா வெள்ளை, கூடவே கோடு போட்ட சின்ன மீனுங்க முன்னாடியும் பின்னாடியும் வரும்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். க்ரூப்பை விட்டுத் தனியா போகாதீங்க. நேரா நிமிந்து நில்லுங்க, சுறா எங்க போகுதோ உங்க முகமும் அங்கயே திரும்பட்டும், ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் பாத்துக்கோங்க. கையை ஆட்டாதீங்க, வெறுங்கையை நீட்டாதீங்க, ரொம்பக் கிட்ட வந்தா கேமராவையோ காலுல மாட்டியிருக்குற ஃபின்னையோ நடுவுல வைங்க. ரெண்டு மூணு சுத்துக்கு அப்புறமும் நெருங்கிட்டே வந்தா டைவ் முடிஞ்சுதுன்னு வச்சுக்கிட்டு அமைதியா ரீஃப் பக்கமா ஒதுங்கி ஏறுங்க. ஏறுறதுதான் கஷ்டமான கட்டம், ஏன்னா இந்தச் சுறா இருக்குறதே மேல் தண்ணியில, மேல வர்றதுக்கு முன்னாடி நீங்க அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கிற சேஃப்டி ஸ்டாப்ல தொங்கிட்டு இருக்குற இடம்தான் அதோட வீடு. போட்டுக்கு அடியிலயே சுத்தும், சமையல்காரர் ஏதாவது கழிவைத் தண்ணியில கொட்டுனா கேக்கவே வேணாம். தண்ணி மேல வந்து அரட்டை அடிச்சுட்டு மிதக்காதீங்க, முகத்தைத் தண்ணிக்குள்ளயே வச்சுக் கீழ பாத்துக்கிட்டே இருங்க, ஏணி வந்ததும் ஒவ்வொருத்தரா ஏறிடுங்க. மதியம் சாப்பிட்டுட்டு வெயிலுக்கு இதமா இருக்குன்னு போட்டுல இருந்து குதிச்சு நீச்சலடிக்கிறது இந்த ரூட்டுல கண்டிப்பா வேண்டாம்.

2010 டிசம்பர்ல எகிப்து ஷார்ம் எல் ஷேக்ல ஒரே வாரத்துல அஞ்சு பேரைச் சுறா கடிச்சு அதுல ஒரு ஜெர்மன் அம்மா இறந்துபோனாங்க, எல்லாரும் மேல நீந்துனவங்க இல்லன்னா ஸ்நார்க்கல் பண்ணவங்க. விசாரிச்சப்போ ஓஷனிக் வைட்டிப்பும் மேக்கோங்கிற இன்னொரு சுறாவும்தான் காரணம்னு சொன்னாங்க, பக்ரீத்துக்கு ஆடு ஏத்திட்டு வந்த கப்பல்ல இருந்து செத்த ஆடுகளைக் கடல்ல வீசுனது, அளவுக்கு மீறி மீன் பிடிச்சது, டூரிஸ்ட்டுங்க கையால மீனுக்குத் தீனி போட்டுப் பழக்குனது இதெல்லாம் சேர்ந்துதான் சுறாவைக் கரைக்கு இழுத்திருக்கும்னாங்க. நாம செஞ்ச தப்புக்குச் சுறா கெட்ட பேர் வாங்குனது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். ஒரு காலத்துல வெப்பக் கடல்கள்ல ஏராளமா இருந்த சுறா இது, துடுப்பு வியாபாரத்துக்காகப் பிடிச்சுப் பிடிச்சு இப்ப அழிவோட விளிம்புல இருக்குற பட்டியல்ல கெடக்கு. அதைப் பாக்குற வாய்ப்பு உங்களுக்குக் கெடைச்சா பயத்தோட சேத்து அந்த மரியாதையும் இருக்கட்டும்.

கேள்வி: மாலத்தீவுல டைவ் பண்றப்ப ஒரு சாம்பல் கலர் சுறாவை வீடியோ எடுக்கக் கிட்டப் போனேன். அது திடீர்னு முதுகை வளைச்சுக்கிட்டு ஒரு மாதிரி உடம்பை முறுக்கி நீந்த ஆரம்பிச்சுது, கைடு என் டேங்கைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்துட்டார். அவர் ஏன் அவ்வளவு பதறினார்? (சென்னை வாசகி)

அவர் பண்ணது நூத்துக்கு நூறு சரி, அடுத்த தடவை பாத்தா நன்றி சொல்லுங்க. அது கிரே ரீஃப் ஷார்க், வால் ஓரத்துல கறுப்பா ஒரு பட்டை இருந்திருக்கும். மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான்ல எல்லாம் இது சாதாரணம், ரெண்டு மீட்டருக்குள்ளதான் இருக்கும், தன் வேலையைப் பாத்துட்டுப் போற சுறாதான். ஆனா அதை ஒரு மூலையில மடக்குனாலோ, பின்னாடியே வெரட்டுனாலோ முதல்ல உடம்பால சொல்லும். மூக்கைத் தூக்கும், முதுகைக் கூனலாக்கும், பக்கத் துடுப்பு ரெண்டையும் கீழ இறக்கி விரைப்பா வச்சுக்கும், தலையையும் வாலையும் வழக்கத்தை விடப் பெருசா ஆட்டி ஆட்டி நீந்தும், முத்திப்போச்சுன்னா எட்டு போட்ட மாதிரி சுத்தும். தெருநாய் பல்லைக் காட்டி உறுமுறதும் இதுவும் ஒண்ணுதான், கிட்ட வராதேங்கிறது அதோட அர்த்தம்.

1970கள்ல பசிபிக்ல எனிவெடாக் பவளத்தீவுல ரிச்சர்ட் ஜான்சன், டொனால்ட் நெல்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பாத்து முறையா எழுதுனாங்க. டைவர் வேகமா நெருங்குனப்பவும், சுறாவுக்குத் தப்பிக்க வழி அடைச்சுப்போனப்பவும்தான் இந்தக் கோலம் தீவிரமா வந்துச்சு. அப்புறம் நெல்சன் ஒரு ஆள் மட்டும் உக்கார்ற சின்ன நீர்மூழ்கிய வச்சு சுறாவைத் துரத்திப் பாத்தார், எச்சரிக்கை கொடுத்தும் விடலைன்னா கண் இமைக்கிற நேரத்துல பாஞ்சு கடிச்சுட்டுப் போயிடுச்சு. சாப்பிடுறதுக்குக் கடிக்கல, தள்ளிப் போன்னு கடிக்குது, ஆனா கடி கடிதான்.

அதனால அந்தக் கோலத்தைப் பாத்தா அப்படியே நின்னு, அதைப் பாத்துக்கிட்டே பின்வாங்குங்க, ஆழக் கடல் பக்கம் அது போறதுக்கு வழி விடுங்க. ஃப்ளாஷ் அடிக்காதீங்க. வீடியோ வேணும்னா ஒரு இடத்துல பாறையை ஒட்டி அசையாம இருங்க, மூச்சை நிதானமா விடுங்க, சுறாவே கிட்ட வரும். துரத்தி எடுத்த வீடியோல வால்தான் தெரியும்.

கேள்வி: ஃபுவாமுலாவுல கூண்டு இல்லாம புலிச்சுறாவோட டைவ் பண்றாங்களே, அது பாதுகாப்பா? (பெங்களூர் வாசகர்)

மாலத்தீவோட தெக்குக் கோடியில இருக்குற தீவு ஃபுவாமுலா. மீனவங்க துறைமுகத்துக்கிட்ட மீன் கழிவு போடுறதால புலிச்சுறாக்கள் அங்க வந்து பழகிடுச்சு, உடம்புல இருக்குற கோடு, தழும்பை வச்சு 200க்கு மேல தனித்தனியா அடையாளம் கண்டிருக்காங்க. 2010ல மாலத்தீவு சுறா பிடிக்கிறதையே தடை பண்ணதும் ஒரு முக்கியக் காரணம். பவளத்திட்டுல வரிசையா முட்டி போட்டு உக்கார வச்சு, முன்னாடி பாறைக்கு அடியில சூரைமீன் தலையை வச்சு, நாலு மீட்டர் சுறா தலைக்கு மேல போறதைக் காட்டுறாங்க. பாத்தவங்க யாரும் அதை மறக்க மாட்டாங்க.

பாதுகாப்புன்னு கேட்டா, ஒழுங்கா நடத்துற இடத்துல ஆபத்து கம்மி, ஆனா அது காட்டு மிருகம், தண்ணியில தீனியும் இருக்கு. புலிச்சுறாகிட்ட ஏமாந்துபோறது எங்கன்னா, அது ரொம்ப மெதுவா, சாதுவா நகரும், பாக்குற நமக்குப் பயமே போயிடும், அப்பத்தான் பின்னாடி இருந்து வரும். 2017 நவம்பர்ல கோஸ்டாரிகாவோட கோகோஸ் தீவுல டைவ் முடிஞ்சு மேல வர்ற நேரத்துல ஒரு புலிச்சுறா அமெரிக்க டைவர் ஒருத்தரைக் கடிச்சு அவங்க இறந்துட்டாங்க, காப்பாத்தப் போன கைடுக்கும் காயம். அதுவும் மேல வர்ற நேரம்தான், பாருங்க.

போறதா இருந்தா ஒரு அம்பது டைவாவது கைவசம் இருக்கட்டும், மிதக்காம ஒரு இடத்துல நிக்கத் தெரியணும். ஆறு பேருக்கு எத்தனை கைடு, பின்பக்கத்தை யார் பாக்குறாங்கன்னு முதல்லயே கேளுங்க. கறுப்பு கிளவுஸ் போடுங்க, வெள்ளையா பளபளக்குற கை தீனின்னு தோணலாம். வாட்ச், செயின், மோதிரம் ரூம்ல இருக்கட்டும்.

கேள்வி: பீரியட்ஸ் நேரத்துல டைவ் பண்ணா ரத்த வாசனைக்குச் சுறா வரும்னு என் தோழி சொல்றா. உண்மையா? (திருச்சி வாசகி)

இல்ல. அப்படி வந்து கடிச்சதா எந்த ஆதாரமும் கெடையாது, பல வருஷமா எல்லா நாட்டுலயும் பெண்கள் அந்த நாள்ல டைவ் பண்ணிட்டுத்தான் இருக்காங்க. சுறாவை இழுக்குறது அடிபட்டுத் துடிக்கிற மீனோட அதிர்வும் மீன் கழிவோட வாசனையும்தான். உடம்புக்கு முடியலன்னா, வயித்துவலி தாங்கலன்னா டைவ் பண்ணாதீங்க, அது உங்க சௌகரியத்துக்காக. சுறாவுக்காக இல்ல.

கேள்வி: நர்ஸ் ஷார்க்கைத் தொடலாமா? ரீல்ஸ்ல எல்லாரும் கட்டிப்பிடிக்கிறாங்களே. (சேலம் வாசகர்)

தொடாதீங்க. சாதுதான், ஆனா வாய் உறிஞ்சுற வாய், கடிச்சா விடாது, அதோடயே மேல ஏறி வந்து கஷ்டப்பட்டு எடுத்தவங்க இருக்காங்க. ஆஸ்திரேலியாவுல தரையில படுத்துக் கெடக்குற வொபிகாங் சுறாவும் அப்படித்தான், வாலைப் பிடிச்சா திரும்பிக் கையைக் கடிச்சுடும். டைவர்ஸ் வாங்குற கடியில நிறைய இப்படி நாமளே போய்த் தொட்டு, தீனி கொடுத்து, குத்துன மீனை இடுப்புல கட்டிட்டுத் திரிஞ்சு வாங்குனதுதான். கொம்பன் சுறா, அதாவது சுத்தியல் மாதிரி தலை இருக்குற ஹாமர்ஹெட் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, தலையைப் பாத்துப் பயந்துடாதீங்க, கூட்டமா திரியிற வகை நம்ம குமிழிச் சத்தத்துக்கே ஒதுங்கிப் போயிடும்.

கேள்வி: எங்க தாத்தா காலத்துல முத்துக்குளிக்கப் போறப்ப சுறா வாயைக் கட்டுறதுக்குன்னே கடல்கட்டி இருப்பாங்கன்னு சொல்வாங்க. அது நெஜமா? (தூத்துக்குடி வாசகர்)

நெஜம்தான். 13ஆம் நூற்றாண்டு கடைசியில இங்க வந்த மார்கோ போலோவே எழுதியிருக்கார், மீன்களை மந்திரத்தால கட்டுறவங்களுக்கு எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு கூலின்னு. வெள்ளைக்காரன் காலத்துலயும் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்புல கடல்கட்டி இல்லன்னா ஆளுங்க தண்ணியில இறங்க மாட்டாங்க, அதனால அரசாங்கமே அவங்களை வச்சுக்கிச்சு. இதை மூடநம்பிக்கைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. கல்லைக் காலுல மாட்டிக்கிட்டு ஒரே மூச்சுல பத்துப் பாகம், அதாவது அறுபது அடி கிட்ட இறங்குறவருக்குப் பதட்டம் இருந்தா மூச்சு நிக்காது. கடல்கட்டி மேல இருக்காருங்கிற தைரியத்துல மனசு அடங்கி, ஆள் நிதானமா இறங்கியிருப்பார்னு நெனைக்கிறேன்.

இப்ப உங்க ஊர்ல காம்ப்ரசர் ஹோஸ் (எஞ்சின்ல இருந்து காத்து அனுப்புற குழாய்) வச்சு சங்கு குளிக்கிறவங்களுக்கு சுறாவை விடப் பெரிய ஆபத்து அந்த ஹோஸ்லதான் இருக்கு. எஞ்சின் புகை காத்தோட கலந்து உள்ள போறது, ரொம்ப நேரம் கீழ இருந்துட்டு சட்டுனு மேல வந்து கை கால் மரத்துப்போறது. உங்க வீட்டுல யாராவது இன்னும் போறாங்கன்னா, மெதுவா ஏறச் சொல்லுங்க, மூட்டு வலி, மரத்துப்போறதுன்னா எண்ணெய் தேச்சுட்டுப் படுக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: எல்லாம் சரி, கடிச்சிருச்சுன்னா என்ன பண்ணணும்? (நாகர்கோவில் வாசகர்)

கடிச்சுட்டு விடாம இருந்தா மூக்கு, கண்ணு, செவுள் இதுல எதை எட்ட முடியுதோ அதுல பலமா குத்துங்க. செத்த மாதிரி நடிக்கிறது உதவாது. விட்டதும் தண்ணியை விட்டு வெளிய வரணும், ஏன்னா உயிர் போறது ரத்தம் போறதாலதான், அதுவும் சில நிமிஷத்துல. போட்டுலயோ கரையிலயோ போட்ட உடனே துணியை மடிச்சுக் காயத்துல வச்சு உள்ளங்கையால முழு பலத்தோட அமுக்குங்க, ரத்தம் பீச்சி அடிச்சா காயத்துக்கு மேல தொடையிலயோ கையிலயோ டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்துற இறுக்குப் பட்டை) போட்டு இறுக்கி, போட்ட நேரத்தை எழுதி வைங்க. டைவ் சூட்டைக் கழட்டாதீங்க, அது ஓரளவு காயத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கும். படுக்க வச்சுப் போத்துங்க, ஆக்ஸிஜன் இருந்தா கொடுங்க, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க.

டூர்னிக்கே பெரிய கனமெல்லாம் கெடையாது. டைவ் ஷாப்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஆக்ஸிஜன் சிலிண்டர், டூர்னிக்கே, ரேடியோ மூணையும் போட்டுல எங்க வச்சிருக்கீங்க, எடுத்துக் காட்டுங்கன்னு கேளுங்க. காட்ட முடியலன்னா வேற ஷாப் பாருங்க.